பிபி குறைய சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் போதுமா? ஐசோமெட்ரிக் பயிற்சி பற்றி ஆய்வுகள் சொல்வது என்ன?

"நாற்காலி இல்லாமலே சுவரில் சாஞ்சு உட்காருங்க, பிபி தானா இறங்கிடும், மாத்திரையே வேண்டாம்!" இப்படி ஒரு வீடியோ உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கலாம். இதன் முதல் பாதியில் உண்மை இருக்கிறது. கடைசிப் பாதிதான் ஆபத்து.

அசையாமல் ஒரே நிலையில் நின்று செய்யும் பயிற்சிகள் உயர் ரத்த அழுத்தத்தைக் குறைக்கின்றன என்பதற்கு ஆய்வுச் சான்றுகள் இருக்கின்றன. அது எவ்வளவு குறையும்? யார் செய்யலாம், யார் செய்யக் கூடாது? மாத்திரையை என்ன செய்வது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஐசோமெட்ரிக் பயிற்சி என்றால் என்ன?

நடக்கும்போதும் ஓடும்போதும் தசைகள் சுருங்கி விரிகின்றன, மூட்டுகள் மடங்கி நீள்கின்றன. ஐசோமெட்ரிக் பயிற்சியில் அப்படி எந்த அசைவும் கிடையாது. தசை இறுகி வேலை செய்யும், ஆனால் அதன் நீளம் மாறாது. பார்ப்பவருக்கு நீங்கள் சும்மா இருப்பது போலத் தெரியும். உங்கள் தொடைக்குத்தான் தெரியும் உள்ளே என்ன நடக்கிறது என்று!

அன்றாட வாழ்க்கையில் இதை நாம் தெரியாமலே செய்கிறோம். ரேஷன் கடை வரிசையில் அரிசிப் பையைக் கீழே வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது, ஓடும் பஸ்ஸில் மேல் கம்பியை இறுக்கிப் பிடித்திருப்பது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பது எல்லாம் இந்த வகைதான்.

பயிற்சியாகச் செய்யும்போது மூன்று வகைகள் பிரபலம். சுவரில் முதுகைச் சாய்த்து, முட்டியை மடக்கி, இல்லாத நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி நிற்கும் 'வால் ஸ்குவாட்'. கைப்பிடிக் கருவியை அழுத்திப் பிடிக்கும் 'ஹேண்ட்கிரிப்'. முழங்கையையும் கால் விரல்களையும் ஊன்றி உடம்பைப் பலகை போல் நிறுத்தும் 'பிளாங்க்'.

தோப்புக்கரணமும் இதுதானே?

இல்லை. தோப்புக்கரணத்தில் உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து என்று அசைவு இருக்கிறது. நல்ல உடற்பயிற்சிதான், ஆனால் ஐசோமெட்ரிக் கணக்கில் வராது. யோகாவில் உள்ள உத்கடாசனம், அதாவது நாற்காலி ஆசனம், வால் ஸ்குவாட்டுக்கு நெருங்கிய உறவு. அதில் சுவரின் ஆதரவு இருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆய்வு என்ன சொல்கிறது?

2023 ஜூலையில் 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின்' இதழில் ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு வெளியானது. இங்கிலாந்தின் கேன்டர்பரி கிறைஸ்ட் சர்ச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு இதைச் செய்தது. 1990 முதல் 2023 வரை வெளியான 270 ஆய்வுகள், மொத்தம் 15,827 பேரின் விவரங்கள். எந்த வகை உடற்பயிற்சி பிபியை எவ்வளவு குறைக்கிறது என்று ஒப்பிட்டார்கள்.

முடிவு இதுதான் (மேல் எண் / கீழ் எண், மில்லிமீட்டர் பாதரச அளவில் சராசரிக் குறைவு):

- ஐசோமெட்ரிக் பயிற்சி: 8.24 / 4.00
- நடை, ஓட்டம் போன்றவையும் எடை தூக்குவதும் சேர்ந்தது: 6.04 / 2.54
- எடை தூக்கும் பயிற்சி மட்டும்: 4.55 / 3.04
- நடை, ஓட்டம், சைக்கிள் போன்ற ஏரோபிக் பயிற்சி: 4.49 / 2.53
- சிறு சிறு இடைவெளியுடன் அதிவேகமாகச் செய்யும் பயிற்சி: 4.08 / 2.50

கவனிக்க வேண்டியது: எல்லாப் பயிற்சியுமே பிபியைக் குறைத்திருக்கிறது. அதில் அசையாமல் நிற்பது முதலிடம். தனித்தனிப் பயிற்சிகளாகப் பிரித்துப் பார்த்தபோது மேல் எண்ணைக் குறைப்பதில் வால் ஸ்குவாட் முன்னால் வந்தது, சராசரியாகப் 10 புள்ளிகளுக்கு மேல். கீழ் எண்ணைக் குறைப்பதில் ஓட்டம் முதலிடம் பிடித்தது.

இது திடீர்க் கண்டுபிடிப்பும் இல்லை. 1992-லேயே இது பற்றி ஆய்வுக் கட்டுரை வந்துவிட்டது. அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் 2017-ல் வெளியிட்ட ரத்த அழுத்த வழிகாட்டுதலிலும் ஹேண்ட்கிரிப் பயிற்சி இடம்பெற்றிருக்கிறது.

8 புள்ளி குறைந்தால் அவ்வளவு பெரிய விஷயமா?

பெரிய விஷயம்தான். பிபி மாத்திரைகள் பற்றிய 48 ஆய்வுகளை, சுமார் 3.45 லட்சம் பேரின் விவரங்களோடு சேர்த்துப் பார்த்த ஒரு ஆய்வு 2021-ல் 'லான்செட்' இதழில் வந்தது. மேல் எண் 5 புள்ளி குறைந்தாலே மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகளுக்கான அபாயம் சுமார் 10 சதவீதம் குறைகிறது என்றது அந்த ஆய்வு.

ஒரு பிபி மாத்திரையை வழக்கமான அளவில் சாப்பிட்டால் மேல் எண் சராசரியாக 9 புள்ளி அளவுக்குக் குறையும். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சுவர்ப் பயிற்சி வந்து நிற்கிறது என்பதால்தான் உலகம் முழுக்க இது செய்தியானது.

ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. மாத்திரைகள் பிபியை மட்டும் அல்ல, மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைக்கின்றன என்று லட்சக்கணக்கான பேரிடம் பல ஆண்டுகள் பார்த்து உறுதி செய்திருக்கிறார்கள். ஐசோமெட்ரிக் பயிற்சிக்கு அப்படிப்பட்ட நீண்ட காலச் சோதனை நடக்கவில்லை. பெரும்பாலானவை சில வாரங்கள், சில மாதங்கள் நடந்த சிறிய ஆய்வுகள். நடைப்பயிற்சி பற்றிய ஆய்வுகளோடு ஒப்பிட்டால் இவற்றின் எண்ணிக்கையும் குறைவு. அதனால் 'மாத்திரைக்குச் சமம்' என்று சொல்லிவிட முடியாது.

அசையாமல் நின்றால் பிபி எப்படிக் குறையும்?

தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். காலால் குழாயை மிதித்தால் தண்ணீர் நின்றுபோகும். காலை எடுத்ததும் சர்ரென்று வேகமாகப் பாயும்.

உடம்பிலும் கிட்டத்தட்ட இதேதான். தொடைத் தசை தொடர்ந்து இறுகியிருக்கும்போது அதன் நடுவே போகும் ரத்தக் குழாய்கள் நசுங்குகின்றன. ரத்த ஓட்டம் குறைகிறது. 2 நிமிடம் கழித்து தசையைத் தளர்த்தியதும் ரத்தம் வேகமாகப் பாய்கிறது. அந்த வேகம் குழாயின் உட்சுவரை உரசும்போது, அங்கிருந்து நைட்ரிக் ஆக்சைடு சுரக்கிறது. குழாயைத் தளர்த்தி விரிக்கும் வேலையைச் செய்வது அதுதான்.

இதை வாரத்துக்குச் சில நாட்கள் திரும்பத் திரும்பச் செய்தால் ரத்தக் குழாய்கள் விரிந்து கொடுக்கப் பழகுகின்றன. இன்னொரு பக்கம், குழாய்களை இறுக்கி வைக்கும் நரம்பு மண்டலத்தின் முறுக்கும் கொஞ்சம் குறைகிறது. இரண்டும் சேர்ந்து, சும்மா இருக்கும் நேரத்திலும் அழுத்தம் இறங்குகிறது என்பதுதான் ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

பயிற்சி செய்யும்போது பிபி ஏறுமே, அது ஆபத்து இல்லையா?

நல்ல கேள்வி. பயிற்சி நடக்கும் அந்த நிமிடங்களில் பிபி நிச்சயம் ஏறும். இந்தக் காரணத்தால்தான் 'பிபி இருக்கிறவங்க தம் பிடிச்சு எதையும் செய்யாதீங்க' என்று டாக்டர்கள் நீண்ட காலம் எச்சரித்து வந்தார்கள்.

அந்த எச்சரிக்கை இன்றும் பாதி செல்லும். மூச்சை அடக்கிக்கொண்டு முழு பலத்தையும் போடுவது உண்மையிலேயே ஆபத்து. 1985-ல் வெளியான ஒரு ஆய்வில், அதிக எடையைக் காலால் தள்ளிய உடற்பயிற்சி வீரர்களின் ரத்தக் குழாய்க்குள்ளேயே அழுத்தத்தை அளந்து பார்த்தார்கள். சராசரி 320/250 வரை போனது! ஆரோக்கியமான இளைஞர்களுக்கே இந்த நிலை.

பிபிக்குப் பரிந்துரைக்கப்படும் ஐசோமெட்ரிக் பயிற்சி வேறு ரகம். முழு பலம் கிடையாது, மிதமான இறுக்கம்தான். ஹேண்ட்கிரிப் என்றால் உங்கள் முழுப் பிடி பலத்தில் சுமார் 30 சதவீதம் மட்டும். மூச்சு சீராகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதனால் எந்தக் காரணத்துக்காகவும் தம் பிடிக்காதீர்கள். '2 நிமிடம் தாக்குப்பிடிச்சே ஆகணும்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை அடக்குவதுதான் பலரும் செய்யும் தவறு.

வால் ஸ்குவாட் செய்வது எப்படி?

ஆய்வுகளில் பெரும்பாலும் பயன்படுத்திய கணக்கு எளிது: 2 நிமிடம் வீதம் 4 முறை. நடுநடுவே ஓய்வு. வாரத்துக்கு 3 நாள். இடைவெளியாக 2 நிமிடம் எடுத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 14 நிமிடம், வாரத்துக்கு 42 நிமிடம். ஒரு சீரியல் எபிசோடு பார்க்கும் நேரத்தைவிடக் குறைவு!

1. வழுக்காத தரை, உறுதியான சுவர் இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். சாக்ஸ் போட்டுக்கொண்டு டைல்ஸ் தரையில் வேண்டாம். வெறுங்கால் அல்லது ஷூ நல்லது.

2. முதுகைச் சுவரில் முழுசாகச் சாய்த்து நில்லுங்கள். பாதங்கள் சுவரில் இருந்து சுமார் 2 அடி முன்னால், தோள் அகலத்துக்கு.

3. முதுகு சுவரிலேயே இருக்க, மெதுவாகக் கீழே சறுக்குங்கள். முட்டி கால் விரல்களைத் தாண்டி முன்னால் போகக் கூடாது.

4. முதல் நாளே நாற்காலி மாதிரி 90 டிகிரிக்கு இறங்க வேண்டியதில்லை. கொஞ்சம் இறங்கினால் போதும். எவ்வளவு கீழே இறங்குகிறீர்களோ அவ்வளவு கடினம்.

5. கைகளைத் தொடையில் ஊன்றாதீர்கள். பக்கவாட்டில் தொங்கவிடுங்கள்.

6. வாய்விட்டு எண்ணுங்கள், அல்லது பக்கத்தில் இருப்பவரோடு பேசுங்கள். பேச முடிகிறது என்றால் நீங்கள் மூச்சை அடக்கவில்லை என்று அர்த்தம்.

7. முடிந்ததும் சட்டென்று எழாமல், சுவரைப் பிடித்து மெதுவாக எழுந்து, நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வெடுங்கள். பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டு வைப்பது நல்லது.

எந்த உயரம் சரி? முதல் 2 நிமிடம் ஓரளவு எளிதாகவும், நாலாவது முறை 'போதும்டா சாமி' என்று சொல்லும் அளவுக்கும் இருந்தால் சரியான உயரம். முதல் முறையிலேயே தொடை நடுங்கினால் கொஞ்சம் மேலே ஏறி நில்லுங்கள். தொடக்கத்தில் 30 நொடி, 1 நிமிடம் என்று ஆரம்பித்துச் சில வாரங்களில் 2 நிமிடத்துக்குப் போகலாம்.

முட்டி வலி இருப்பவர்கள் என்ன செய்வது?

மூட்டுத் தேய்மானம், முட்டி வலி இருப்பவர்களுக்கு வால் ஸ்குவாட் ஒத்துவராமல் போகலாம். அவர்களுக்கு ஹேண்ட்கிரிப் இன்னொரு வழி. உட்கார்ந்த இடத்திலேயே 2 நிமிடம் அழுத்திப் பிடித்து, 1 நிமிடம் ஓய்வு, இப்படி 4 முறை. வாரத்துக்கு 3 நாள், 8 முதல் 10 வாரம். 2017 அமெரிக்க வழிகாட்டுதலில் உள்ள முறை இதுதான்.

ஒரு விஷயம். ஆய்வுகளில் பயன்படுத்துவது எவ்வளவு பலம் கொடுக்கிறோம் என்று காட்டும் கருவி. கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்பிரிங் கிரிப்பரில் அந்த அளவு தெரியாது. முழு பலத்தில் டக் டக் என்று அழுத்தி விடுவது வேறு பயிற்சி. அளவு காட்டும் கருவி இல்லை என்றால், 'லேசுக்கும் கடினத்துக்கும் நடுவில்' என்ற அளவில், 2 நிமிடமும் ஒரே சீராகப் பிடிக்க முடிகிற இறுக்கத்தில் செய்யுங்கள்.

யார் டாக்டரைக் கேட்காமல் செய்யவே கூடாது?

- பிபி 180/110 அல்லது அதற்கு மேல் இருப்பவர்கள். முதலில் சிகிச்சையால் அதைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.
- மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்கள், இதய வால்வு பிரச்சினை, இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள்.
- ரத்தக் குழாய் வீக்கம் இருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள்.
- சர்க்கரை நோயால் விழித்திரை பாதித்தவர்கள்.
- குடலிறக்கம் உள்ளவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் செய்தவர்கள்.
- கர்ப்பிணிகள்.

பயிற்சியின்போது நெஞ்சு வலி, தலைச்சுற்றல், கடுமையான தலைவலி, பார்வை மங்குதல், அளவுக்கு மீறிய மூச்சுவாங்கல் வந்தால் அப்படியே நிறுத்துங்கள். நெஞ்சு வலி சில நிமிடங்களில் அடங்கவில்லை என்றாலோ, வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் பலமிழத்தல், பேச்சுக் குழறல் இருந்தாலோ 108-க்கு அழையுங்கள். 'கொஞ்சம் படுத்தா சரியாயிடும்' என்று காத்திருக்க வேண்டாம்.

மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாத்திரை சாப்பிட்டு ஒருவருக்கு 132/84 இருக்கிறது. 'நார்மல் ஆயிடுச்சே' என்று நிறுத்துகிறார். அந்த 132 என்பது மாத்திரையோடு சேர்ந்த எண். மாத்திரை போனால் அது 150-க்குப் போகலாம். பயிற்சியால் 8 குறைந்தாலும் 142-ல்தான் நிற்கும். அவருக்கோ எந்த அறிகுறியும் தெரியாது. பிபி பெரும்பாலும் வலிக்காது, தலை சுற்ற வைக்காது. சத்தமே இல்லாமல் இதயத்தையும் சிறுநீரகத்தையும் மூளையையும் பாதித்துக்கொண்டே இருக்கும். சில வகை மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் பிபி முன்பைவிட வேகமாக எகிறவும் வாய்ப்பு உண்டு.

பயிற்சியால் உங்களுக்கு நிஜமாகவே பிபி இறங்கிவிட்டது என்றால் அதற்கும் வழி இருக்கிறது. வீட்டில் அளந்த எண்களை எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறது என்றால் அதையும் சொல்லுங்கள். மாத்திரை அளவைக் குறைப்பதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்வார்.

பலன் தெரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

இன்று செய்துவிட்டு நாளை பார்த்தால் தெரியாது. குறைந்தது 4 வாரம், சரியாகத் தெரிய 8 வாரம் கொடுங்கள். பயிற்சி முடிந்த கையோடு பிபி பார்க்காதீர்கள். அந்த எண் உங்களை வீணாகப் பயமுறுத்தலாம், அல்லது வீணாகச் சந்தோஷப்படுத்தலாம்.

வீட்டில் அளக்கும்போது இதைக் கடைப்பிடியுங்கள்:

- காலையில், மாத்திரைக்கு முன், சிறுநீர் கழித்த பிறகு.
- அதற்கு முன் அரை மணி நேரம் காபி, டீ, சிகரெட் கூடாது.
- முதுகு சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றி 5 நிமிடம் அமைதியாக உட்காருங்கள். கால் மேல் கால் வேண்டாம்.
- கை மேஜை மேல், இதயத்தின் உயரத்தில்.
- அளக்கும்போது பேசாதீர்கள். 1 நிமிட இடைவெளியில் 2 முறை பார்த்து இரண்டையும் எழுதுங்கள்.

வீட்டில் மெஷின் இல்லையா? அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிபி மாத்திரை வாங்குபவர்கள், வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளரிடமே அளக்கச் சொல்லிக் கேட்கலாம்.

இது மட்டும் செய்தால் போதுமா? நடைப்பயிற்சியை விட்டுவிடலாமா?

விடாதீர்கள். வால் ஸ்குவாட் பிபி எண்ணை அதிகம் குறைக்கலாம். ஆனால் சர்க்கரை, உடல் எடை, இதயத்தின் வலு, மன அழுத்தம் என்று நடைப்பயிற்சி பார்த்துக்கொள்ளும் வேலைகள் நிறைய. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி, அதோடு 2 நாள் தசைப் பயிற்சி. இந்த இரண்டாவது கணக்கில் வால் ஸ்குவாட்டைச் சேர்த்துக்கொள்ளலாம்.

உப்பும் முக்கியம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழ், அதாவது ஒரு டீஸ்பூனுக்குக் குறைவாக என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. சாம்பாரில் போடுவது மட்டும் இல்லை. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர், சிப்ஸ் எல்லாம் இதே கணக்கில்தான் வரும். 'நான் இந்துப்புதான் போடுறேன்' என்பவர்கள் கவனிக்க: அதிலும் பெரும்பகுதி அதே சோடியம்தான்.

இன்னொன்று, பயிற்சியை நிறுத்தினால் பலனும் சில வாரங்களில் போய்விடும். பல் தேய்ப்பது மாதிரி, இதையும் தொடர்ந்து செய்ய வேண்டும்.

சுருக்கமாக

- ஐசோமெட்ரிக் பயிற்சி பிபியைக் குறைக்கிறது. 2023 ஆய்வுத் தொகுப்பில் சராசரியாக 8/4 புள்ளி.
- 2 நிமிடம், 4 முறை, வாரத்துக்கு 3 நாள். மூச்சை அடக்கக் கூடாது.
- 180/110-க்கு மேல் இருந்தாலோ, இதய நோய் இருந்தாலோ டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள்.
- மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

உலகில் 30 முதல் 79 வயதுக்குள் 2019-ல் சுமார் 128 கோடிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது, அதில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது என்றது உலக சுகாதார நிறுவனம். அதனால் சுவரில் சாய்வதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை, இந்த வாரமே உங்கள் பிபியை ஒருமுறை அளந்து பார்ப்பது. வீட்டில் இருக்கும் அப்பா அம்மாவுக்கும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.